விபத்தே நடக்காத பிரிவுக்குக் கேடயம் வேண்டாம்

கேள்வி சுருக்கமாக இது: “எங்கள் மாநகராட்சியில் பணிப் பாதுகாப்புக் குழு அமைத்து என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். ஊழியர்களிடம் பாதுகாப்பு உணர்வை வளர்த்து விபத்துகளைக் குறைக்க வேண்டும். சுவரொட்டி, வாசகப் போட்டி, ஒரு வருடம் விபத்தே நடக்காத பிரிவுக்குக் கேடயம் என்று திட்டம் வைத்திருக்கிறேன். இது போதுமா, வேறென்ன செய்யலாம்?”

நகர நிர்வாகத்தில் இதே வேலையை இருபது வருடத்துக்கு மேல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சுவரொட்டி ஒட்டுங்கள், கெடுதல் இல்லை. வாசகப் போட்டியும் நடத்துங்கள், நாலு பேர் நன்றாக எழுதுவார்கள். அந்தக் கேடயத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். நான் இருந்த ஓர் இடத்தில் வாகனப் பணிமனை வாசலில் ஒரு பலகை வைத்தோம். “விபத்தில்லாத நாட்கள்” என்று மேலே எழுதி, கீழே எண்ணை மட்டும் தினமும் மாற்றுவோம். 200-ஐத் தொட்டால் பணிமனை முழுவதற்கும் பரிசு. எண் 190-களில் இருந்தபோது ஒரு நாள் காலை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த மெக்கானிக் பேனாவை இடது கையில் பிடித்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. எடுக்கச் சொன்னேன். நடுவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. முந்தின நாள் குப்பை அமுக்கும் லாரியின் பின்கதவு சட்டென்று இறங்கி நசுக்கியிருக்கிறது. எலும்பு முறிவு. இரவெல்லாம் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். “என்னால எல்லாருக்கும் பரிசு போயிடக் கூடாதுன்னு பார்த்தேன் சார்” என்றார். அந்தக் கதவைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் கசிவு. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதே கதவுக்கு அடியில், முட்டுக் கம்பிகூடக் கொடுக்காமல் வேறொருவர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகையை அன்று மாலையே கழற்றினோம். விபத்து இல்லாததற்குப் பரிசு என்றால் முதலில் குறைவது விபத்துச் செய்திதான். கேடயமும் அதையேதான் செய்யும், இன்னும் பெரிய அளவில்.

உங்கள் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லாத இன்னொன்று, “பாதுகாப்பு உணர்வை வளர்க்க வேண்டும்” என்பது. எந்த டிப்போவுக்கும் போய் ஒரு பழைய ஓட்டுநரிடம் கேளுங்கள். எந்த வண்டிக்குப் பிரேக் மெத்தனம், எந்தத் தெருவில் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது, எந்தப் பம்ப் அறையில் தரை வழுக்கும் என்று விரல்விட்டு எண்ணுவார். உணர்வுக்குப் பஞ்சமில்லை. சொல்லிப் பார்த்து, பதில் வராமல், வாயை மூடிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதனால் உங்கள் குழுவின் முதல் வேலை பேசுவதல்ல, பதில் சொல்வது.

ஒவ்வொரு டிப்போவிலும் ஒரு கெட்டி அட்டை நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். நாலு கட்டம் போதும்: என்ன குறை, எந்தத் தேதி, யார் பொறுப்பு, எப்போது முடிந்தது. பெயர் எழுதுவது அவரவர் இஷ்டம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் சூப்பர்வைசர் எழுத வேண்டும். ஏழு நாளுக்குள் நாலாவது கட்டத்தில் ஏதாவது ஏறியிருக்க வேண்டும். செய்ய முடியாதது என்றால் “முடியாது, இன்ன காரணம், அதுவரை இப்படிச் சமாளிப்போம்” என்று எழுதுங்கள். அதுவும் பதில்தான்.

முதல் மாதம் நோட்டில் வருபவை உங்களுக்குச் சப்பென்றிருக்கும். மாடிப்படியில் பல்பு எரியவில்லை, உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாய் ஒழுகுகிறது. “இதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?” என்று பொறியாளர் யாராவது சிரிப்பார். உங்களை ஆழம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். தாழ்ப்பாளை மறுநாளே போட்டுக் கொடுங்கள். பிரேக்கும் மின்கம்பியும் அதற்குப் பிறகுதான் நோட்டில் வரும்.

அப்படி வருபவற்றில் தங்கமானவை, அடி படாமல் போனவை. ஏணி சரிந்தது, ஆள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். லாரி பின்னால் வந்தது, ஒருவர் குதித்து விலகினார். எங்கள் பேச்சில் அதற்கு “நூலிழை” என்று பெயர். 1931-இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ் அதிகாரி, ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயங்களும் காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கும் என்று ஒரு கணக்குச் சொன்னார். இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் அந்தப் பிரமிடு படத்தைப் போடுவார்கள். அந்த விகிதம் எல்லா வேலைக்கும் பொருந்தாது என்று பிறகு பலரும் காட்டிவிட்டார்கள். குழிக்குள் விஷவாயு தாக்குவதற்கு முன் 29 சிறு காயங்கள் வந்து எச்சரிக்காது. ஆனால் நூலிழைகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற அளவில் அவர் சொன்னது சரி.

அவரே சொன்ன இன்னொன்றுதான் பெரிய கெடுதல் செய்தது. விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நடப்பவை என்றார். அவர் பார்த்தது இன்சூரன்ஸ் கோப்புகளையும் ஆலை அறிக்கைகளையும். அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் சூப்பர்வைசர்கள். தன் மேற்பார்வையில் கோளாறு என்று எந்த சூப்பர்வைசர் எழுதுவார்? இன்றைக்கும் உங்கள் அலுவலகத்துப் பழைய விபத்துக் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். காரணம் என்ற இடத்தில் “ஊழியரின் கவனக்குறைவு” என்றே இருக்கும். குழுவின் முதல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: காரணம் “கவனக்குறைவு” என்று வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புவோம் என்று. கவனம் ஏன் சிதறியது, சிதறினாலும் அடி படாமல் இருக்க என்ன இருந்திருக்க வேண்டும் என்று எழுதி வரட்டும். முட்டுக் கம்பி ஏன் கொடுக்கவில்லை என்று நாங்கள் கேட்டபோது, அந்தக் கம்பியே வண்டியில் இல்லை என்று தெரிந்தது. ஒரு வண்டியில் மட்டுமல்ல, ஆறு வண்டிகளில்.

தொழிற்சாலைக்கு ஒரு சுற்றுச்சுவர், ஒரு வாசல். மாநகராட்சிக்கு அது கிடையாது. ஒரே சம்பளப் பட்டியலில் லாரி ஓட்டுபவர், மரம் வெட்டுபவர், குளோரின் சிலிண்டர் மாற்றுபவர், தெருவிளக்குக் கம்பத்தில் ஏறுபவர், நாய் பிடிப்பவர், வரி கவுன்டரில் உட்கார்ந்து வசவு வாங்குபவர் எல்லோரும் இருக்கிறார்கள். தெருவில் நிற்கும் நாலு பேருக்கு அன்றைய சூப்பர்வைசர்தான் மாநகராட்சி. சட்டங்களும் பல நாடுகளில் ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அமெரிக்காவில் 1970-இல் வந்த பணிப் பாதுகாப்புச் சட்டம்கூட உள்ளாட்சி ஊழியர்களை நேரடியாக உள்ளே கொண்டுவரவில்லை. மாநிலம் தனித் திட்டம் வகுத்தால்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. மேலிடத்தில் யாராவது “இதெல்லாம் ஆலைகளுக்குத்தானே” என்றால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கை பொதுப்பணி ஊழியர்களையும் சேர்த்தே சொல்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். 2022-இல் அந்த அமைப்பு பாதுகாப்பான பணிச்சூழலைத் தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே சேர்த்துவிட்டது.

இத்தனை வேலைகளில் எதை முதலில் கையில் எடுப்பது? அதிகமாக நடப்பது எது என்று பார்த்தால் வழுக்கி விழுவதும் முதுகு பிடிப்பதும்தான் முன்னால் வந்து நிற்கும். அவற்றையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரே தவறில் உயிர் போகிற வேலைகள் எவை என்று தனியே ஒரு பட்டியல் போட்டு, அங்கே தொடங்குங்கள். என் பட்டியலில் முதல் இடம் எப்போதும் பாதாளச் சாக்கடைக் குழிக்கு.

தேங்கிய சகதியில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும். கால் வைத்துக் கலக்கியதும் குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கி வரும். மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு இது. பத்து லட்சத்தில் 100 பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவுக்கு வந்ததும் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பது அப்போதுதான். 700-ஐத் தாண்டினால் இரண்டொரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார்.

மேலே நிற்பவர் அதைப் பார்க்கிறார். பத்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர், தம்பி மாதிரி. யோசிக்காமல் இறங்குகிறார். பிறகு மூன்றாமவர். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் எழுதியது. “உள்ளே ஆள் விழுந்தால் இறங்காதே” என்று வாயால் சொல்லி இதைத் தடுக்க முடியாது. இறங்காமலே தூக்க ஒரு வழி அவர் கையில் இருக்க வேண்டும்.

சரியான வழி ஆளை இறக்காமலே இருப்பது. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் இயந்திரம், சகதி உறிஞ்சும் வண்டி, குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கேமரா. முதல் கேள்வி “எப்படி இறங்குவது” என்பதாக இருக்கவே கூடாது. வேறு வழியே இல்லை என்று பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகு மட்டும் மற்றதெல்லாம். நாலு வாயு காட்டும் மீட்டரைக் குழாயோடு இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசானது, ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, ஒரே இடத்தில் பார்த்தால் ஒன்று தப்பிவிடும். ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 19.5-க்குக் கீழே காட்டினால் மூடியை விட்டு விலகி நில்லுங்கள். ஊதுகாற்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், மீட்டர் இறங்குபவரின் மார்பிலேயே இருக்க வேண்டும். துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. பழைய ஆட்கள் சிலர் விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பார்கள். மீத்தேன் இருந்தால் குழியே வெடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலோ உயிரைப் பறிக்கும் அளவிலும் விளக்கு நின்று எரியும்.

இறங்குபவர் உடம்பில் பட்டை, அதிலிருந்து கயிறு, மேலே குழிவாயில் நிறுத்திய முக்காலியில் அந்தக் கயிற்றைச் சுற்றித் தூக்கும் கைவிஞ்ச். இது எங்களிடம் இருந்தது. ஒத்திகை பார்ப்போம் என்று ஒரு நாள் மணல் மூட்டையைக் குழிக்குள் இறக்கி, “ஆள் விழுந்துவிட்டார், தூக்குங்கள்” என்றேன். முக்காலியின் ஒரு காலைப் பூட்டும் ஆணி இல்லை. தேடினார்கள். பிறகு விஞ்சின் கயிறு உருளையில் சிக்கிக்கொண்டது. மூட்டை மேலே வரப் பதினோரு நிமிடம். ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம். யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் இரண்டு நிமிடத்துக்குள் தூக்கினார்கள். அந்த ஆணி இப்போது சங்கிலியில் தொங்குகிறது. நூறு சுவரொட்டியைவிட அந்த ஒரு மூட்டை எங்களுக்கு அதிகம் செய்தது என்பேன்.

அடுத்தது லாரி பின்னால் வருவது. வண்டிகளால் வேலையிடத்தில் நேரும் மரணங்களில் ஏறக்குறைய கால்பங்கு ரிவர்ஸ் எடுக்கும்போது நடப்பவை என்று பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. நம்மவர்கள் உடனே என்ன செய்வார்கள்? மின்னும் மேலங்கி வாங்கிக் கொடுப்பார்கள். ஓட்டுநருக்குப் பின்னால் தெரியவே தெரியாதபோது மேலங்கி மின்னி என்ன பயன்? முதலில் வழித்தடத்தைப் பாருங்கள். முட்டுச்சந்துக் குப்பையைத் தள்ளுவண்டியில் முனைக்குக் கொண்டுவந்துவிட்டால் அங்கே ரிவர்ஸே தேவையில்லை. தவிர்க்க முடியாத இடத்துக்குக் கேமராவும் ஒலியும். அதற்குப் பிறகு விதி: பின்படியில் யாரும் நிற்கக் கூடாது, வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் வண்டி நிற்க வேண்டும். மேலங்கி கடைசியில். எந்த ஆபத்துக்கும் இந்த வரிசைதான்: இல்லாமல் செய்வது, தடுப்பது, விதி போடுவது, உடம்பில் மாட்டுவது. பட்ஜெட்டில் மட்டும் எப்படியோ தலைகீழாக வந்துவிடும்.

சாலைப் பணிக்கு ஒரே ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கும். ஓட்டுநர் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் 25 மீட்டர் போய்விடும். பள்ளத்துக்கு அருகே இரண்டு கூம்பை வைத்துவிட்டு வேலை செய்பவர்களுக்கு இதை டேப் பிடித்து நடந்து காட்டுங்கள். குழாய் பதிக்கத் தோண்டும் பள்ளமும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, ஒரு காரின் எடை. இடுப்பு வரை மூடினாலே இழுத்தெடுக்க முடியாது, மார்பை அழுத்தினால் வெளியே விட்ட மூச்சை மறுபடி உள்ளே இழுக்க முடியாது. ஒன்றரை மீட்டர் ஆழம் வந்தால் பக்கச் சுவருக்குப் பலகை முட்டு, தோண்டிய மண் விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி.

கையுறை, காலணி விஷயத்தில் வாங்கும் பிரிவோடு நீங்கள் சண்டை போட வேண்டியிருக்கும். எல்லோருக்கும் ஒரே அளவு வாங்குவார்கள். பெரிய கையுறையில் முடிச்சுப் போட முடியாது, கழற்றிவிடுவார்கள், பிறகு “கொடுத்தும் போடவில்லை” என்று மெமோ. பெண் ஊழியர்களின் காலுக்கு ஆண்களின் பூட்ஸ் இன்னும் மோசம், அதைப் போட்டே தடுக்கி விழுவார்கள். மூன்று வகை மாதிரி வாங்கிப் பத்துப் பேரிடம் கொடுத்து ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். குப்பைப் பையைத் தொடையோடு அணைத்துத் தூக்கக் கூடாது, கையால் அமுக்கக் கூடாது என்பதையும் செய்தே காட்டுங்கள், ஊசி உள்ளே இருக்கும். அப்படிக் குத்தும் ஊசியால் தொற்றக்கூடிய கல்லீரல் நோய் ஹெபடைட்டிஸ்-பி. அதற்கான தடுப்பூசி மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். சேர்ந்த முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும். கடும் வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழு வேலை கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் தொடங்கி நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டு போனால் உடம்பு பழகிவிடும்.

ஒப்பந்த ஊழியர்களை விட்டுவிட்டு இதையெல்லாம் செய்தால் வீண். பல ஊர்களில் ஆபத்தான வேலை அவர்கள் தலையில்தான். காலை ஐந்து நிமிடக் கூட்டத்தில் அவர்களும் நிற்கட்டும், நோட்டில் அவர்களும் எழுதட்டும், மீட்டரும் முக்காலியும் இல்லாமல் வேலை தொடங்கினால் பில் நிற்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்தக் காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் பிரசங்கம் செய்யக் கூடாது. “இன்றைக்கு நமக்கு எங்கே அடிபடும்?” என்று கேட்டுவிட்டு அவர் சும்மா இருந்தால் போதும். முதல் வாரம் யாரும் பேச மாட்டார்கள். “இது சரியில்லை, செய்ய மாட்டேன்” என்று ஒருவர் வேலையை நிறுத்தினால் அன்றைய சம்பளம் பிடிக்கப்படாது என்று ஆணையரே எழுத்தில் கொடுத்தால், இரண்டாவது வாரம் பேசுவார்கள்.

ஆணையரிடம் முன்கூட்டியே இன்னொன்றும் சொல்லி வையுங்கள். முதல் வருடம் விபத்து எண்ணிக்கை கூடும். பாக்கெட்டில் இருந்த கைகள் வெளியே வருவதால் கூடுகிறது. இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் வருடக் கடைசியில் உங்கள் குழுவைத்தான் கலைப்பார்கள். மாதா மாதம் அவர் மேஜைக்குப் போக வேண்டியது இரண்டு எண்கள்: எத்தனை குறைகள் நோட்டில் ஏறின, எத்தனை நாளில் தீர்ந்தன.

கேடயத்துக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்றால் வீணாக்க வேண்டாம். பொறிக்கும் எழுத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். குறைகளைச் சொன்ன பிரிவுக்குக் கொடுத்தால் எண்ணிக்கைக்காக எதையாவது எழுதிக் குவிப்பார்கள். எழுதியவற்றை வேகமாகத் தீர்த்துவைத்த பணிமனைக்கும் பொறியாளர் பிரிவுக்கும் கொடுங்கள்.